செட்டிநாட்டுச் சரளையில் இரண்டு நாள், ஏழு பஞ்சர்

முதலில் பஞ்சர் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். மூன்று வாடகை சைக்கிள், இரண்டு நாள், ஏழு பஞ்சர். எனக்கு மூன்று, தோழிக்கு இரண்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு போன பையனுக்கே இரண்டு. ஏழில் ஆறு சீமைக்கருவேல முள். மிச்சம் ஒன்று என் அவசரம். எங்களோடு சொந்த சைக்கிளில் வந்த கோயம்புத்தூர்க்காரருக்கு இரண்டு நாளும் ஒன்றுகூட ஆகவில்லை. அது ஏன் என்பதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு சின்னக் குழு கிராவல் சைக்கிளை வாடகைக்குத் தந்து வழிகாட்டியோடு இரண்டு நாள் சுற்றிக் காட்டுகிறது. ஒரு நாள் 'வீடுகள்', மறுநாள் 'மலை'. பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் தங்கல், சாப்பாடு, சைக்கிள், ஹெல்மெட் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 7,500 ரூபாய் கொடுத்தோம். பெயரைப் போடவில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், நேரில் சொன்னபோது முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்ட பிள்ளைகள், பெயரைப் போட்டு அடிக்க மனசு வரவில்லை. அந்தப் பக்கம் போய் விசாரித்தால் எப்படியும் தெரிந்துவிடும்.

கிராவல் சைக்கிள் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள், இங்கேயும் சிலர் கேட்பீர்கள். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் அகலம். ரேஸ் சைக்கிளில் 25, 28 மில்லிமீட்டர் டயர் போடுகிற இடத்தில் இதில் 40, 45 என்று போகும். டிஸ்க் பிரேக், மேட்டில் சீட்டை விட்டு எழுந்திருக்காமலே ஏறுகிற அளவுக்கு லேசான கியர். அமெரிக்காவில் கான்சஸ் பக்கத்துப் பண்ணைச் சாலைகளில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம் ஒன்று இதற்கு ரொம்பப் பிரபலம், 2022 முதல் உலக சாம்பியன் போட்டியே தனியாக நடக்கிறது. அவர்கள் கிராவல் என்பதற்கு நம்மிடம் சரளை என்று சொல் இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் சரளையில் தாத்தாமார் பழைய கறுப்பு சைக்கிளில் நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு போனதும் கிராவல் ரைடுதான், ஹேண்டில்பார் மட்டும் வளைந்திருக்காது.

இன்னொரு விஷயம். விளம்பரத்தில் 'மலைச்சாரல் பயணம்' என்று போட்டிருக்கிறார்கள். செட்டிநாடு மலைநாடு இல்லை, ஊட்டி கொடைக்கானல் நினைப்பில் யாரும் வந்துவிடாதீர்கள். மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற பொட்டல் பூமி, நடுவில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி பாறைக் குன்றுகள்: குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வடக்கே திருமயம், மேற்கே தள்ளிப் பிரான்மலை. மேற்கே போகப் போகத்தான் மலை மாதிரி மலை கண்ணில் படும். எனக்கு இது குறையே இல்லை, முழங்கால் நன்றி சொன்னது. ஆனால் ஏற்றத்துக்காகவே காசு கட்டி வந்த கோயம்புத்தூர்க்காரர் முதல் நாள் முழுக்க உர்ரென்று இருந்தார்.

சைக்கிள். அலுமினியம் பிரேம், முன்னால் ஒரே பல்சக்கரம் 40 பல், பின்னால் 11 முதல் 42 வரை, கம்பி இழுக்கிற டிஸ்க் பிரேக். கியர் சுத்தமாக விழுந்தது, செயினில் எண்ணெய் இருந்தது, பிரேக் கத்தவில்லை. இதற்கெல்லாம் முழு மதிப்பெண். ஆனால் மீடியம், லார்ஜ் இரண்டே அளவு. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். உயரத்தைக் கேட்டுத்தான் பதிவு செய்தார்கள், கேட்டதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை போல. கை நீட்டி நீட்டி முதல் நாள் சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பெண்கள் குட்டையாக இருப்போம் என்பது புதுச் செய்தியா என்ன? அடுத்த நாள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றித் தந்தார்கள், பத்து நிமிட வேலை. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

டயர்தான் பெரிய பிரச்சினை. 40 மில்லிமீட்டர் நல்ல டயர், உள்ளே சாதா ட்யூப், அதில் 60 பிஎஸ்ஐ காற்று. தார் ரோட்டுக்குச் சரி. சரளையில் அவ்வளவு காற்றோடு போனால் ஒவ்வொரு கல்லும் நேராக உச்சந்தலைக்கு வருகிறது. நான் என் எடைக்கு 38-க்கு இறக்கிக்கொண்டேன், உடனே சைக்கிளே மாறிப்போன மாதிரி ஒரு மிருது. ஆனால் ட்யூப் வைத்துக்கொண்டு காற்றைக் குறைத்தால் அதற்கும் ஒரு விலை உண்டு, அதை இரண்டாம் நாள் கொடுத்தேன்.

கோயம்புத்தூர்க்காரரின் டயரில் ட்யூபே கிடையாது. உள்ளே சீலன்ட் என்கிற பால் மாதிரித் திரவம், சக்கரத்துக்கு எழுபது எண்பது மில்லி. முள் குத்தினால் அந்தப் பால் ஓட்டை வழியே வெளியே வந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். முதல் நாள் சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து தன் டயரிலிருந்து முள்ளாகப் பிடுங்கித் தட்டில் போட்டார், பதினொன்று. காற்று துளி இறங்கவில்லை. பக்கத்தில் நான் மண்டைக்கு மேல் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு ட்யூபுக்கு ஒட்டு போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் சீமைக்கருவேலம் எப்படி மண்டிக்கிடக்கிறது என்பது ஊருக்கே தெரியும், வெட்டச் சொல்லி 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையே உத்தரவு போட்டது, கரிமூட்டம் போடுகிறவர்கள் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள், அது வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த மண்ணில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்கள் சீலன்ட் ஊற்றாமல் விடுவது, ஐப்பசியில் குடை இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது மாதிரி.

முதல் நாள் கானாடுகாத்தானிலிருந்து புறப்பாடு. ஆறு மணிக்கு என்றார்கள். காபி, அப்புறம் இட்லி, அப்புறம் போட்டோ, ஏழேகாலுக்குத்தான் கால் பெடலில் பட்டது. மாசி பிறக்கக்கூட இல்லை, ஆனாலும் பத்தரைக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறிவிடுகிறது, போன அந்த ஒன்றேகால் மணி நேரத்தைத்தான் மதியம் வட்டியோடு கட்டினோம்.

ஊருக்குள் ஓட்டுவது தனிச் சுகம். நேர் நேராகத் தெரு, ஒரு தெருவில் வாசல் இருந்தால் அடுத்த தெருவில் கொல்லை, நடுவில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரே வீடு நீண்டு கிடக்கிறது. சைக்கிளில் ஒரு வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி ஓட்டிக்கொண்டே போனால் எவ்வளவு நீளம் என்று காலுக்குத் தெரியும், காரில் வருகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. 1912-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று பையன் ஒப்பித்தான், அது எல்லாரும் சொல்வதுதான். அவன் தானாகச் சொன்னதுதான் நன்றாக இருந்தது: கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, முற்றத்திலிருந்து தெரு வாய்க்காலுக்குப் போய், வாய்க்கால் ஊருணிக்குப் போகும் என்று, நின்று நின்று வாய்க்காலைக் காட்டிக்கொண்டே வந்தான். பல வீடு பூட்டிக் கிடக்கிறது, சில வீடு பிரித்து விற்றாகிவிட்டது, தூண் போன இடத்தில் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. 2014-லிருந்து இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன.

கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடிக்குப் போகும் வழியில்தான் கூத்து. போனில் அவர்கள் ஏற்றித் தந்த வழி நேராக ஒரு கண்மாய்க்குள் இறங்கியது. கண்மாயில் தண்ணீர் நெஞ்சளவு. பையன் தலையைச் சொறிந்தான். விசாரித்தால், இந்த வழியைப் பதிவு செய்தது போன சித்திரை வெயிலில், அப்போது கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்ததாம், உள்ளே வண்டித்தடம் இருந்ததாம், அதன் மேலேயே ஓட்டிப் பதிந்துவிட்டார்கள். மழைக்குப் பிறகு ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. கண்மாய் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்பதை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நான் திருச்சியிலிருந்து வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சரி, கரை மேலேயே சுற்றிப் போவோம் என்று ஏறினோம். இரண்டு நாளில் நான் ஓட்டியதிலேயே அழகான நாலு கிலோமீட்டர் அதுதான், திட்டத்தில் இல்லாதது. ஒரு பக்கம் தண்ணீர், தண்ணீருக்குள் கருவேல மரம் இடுப்பு வரை நிற்கிறது, அதன் மேல் கொக்கு. மறுபக்கம் பள்ளத்தில் அறுப்பு முடிந்த வயல், தாளில் மாடு. கரை உச்சியில் ஒரு சைக்கிள் அகலத்துக்குச் செம்மண் தடம், டயருக்கு அடியில் சரளை பொரி வறுக்கிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் போடும். மடை வரும் இடத்தில் கொஞ்சம் இறங்கி ஏற வேண்டும். கலுங்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாசியில் வழுக்காமல் கடந்தோம், தோழி வழுக்கினாள்.

கரையை விட்டு இறங்கியதும் நான்கு டயர் வரிசையாகப் படுத்தன. எனக்கு ஒன்று, தோழிக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று. அவன் ட்யூபை மாற்றிவிட்டு நூறு அடி ஓட்டினான், மறுபடி புஸ்ஸ். பின்னால் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தண்ணீர்க் கேனும் பம்பும் வாழைப்பழத் தாரும் கட்டிக்கொண்டு வந்த அவனுடைய சித்தப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "டயருக்குள்ள கையை விட்டுப் பாத்தியா?" பார்க்கவில்லை. முள்ளின் நுனி உள்ளே உடைந்து டயரிலேயே நிற்கிறது, புது ட்யூபையும் அது குத்திவிட்டது. அவர் மடியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் ஒரு சுற்றுத் தடவினார். பஞ்சு ஓரிடத்தில் சிக்கியது, அங்கே முள். விரலால் தடவினால் விரல் கிழியும், பஞ்சு என்றால் தப்பாது. இருபது வருஷமாக சைக்கிள் ஓட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது. மொத்தக் காசில் ஆயிரம் ரூபாய் இந்தப் பஞ்சுக்கே கொடுக்கலாம்.

ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கேருந்து வாறீக தாயி?" என்றார். திருச்சி என்றேன், இந்த மாதிரி மண் ரோட்டில் சைக்கிள் ஓட்டத்தான் வந்தோம் என்றேன். "எங்க ஊருக்கு ரோடு போடச் சொல்லி மனு மேல மனுவாக் குடுத்துக்கிட்டு இருக்கோம். நீங்க காசு குடுத்து மண்ணு ரோட்டைத் தேடி வாறீகளாக்கும்?" நான் சிரித்து மழுப்பினேன். இத்தாலியில் டஸ்கனி பக்கம் வெள்ளைச் சரளைச் சாலைகளுக்குத் தார் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே 1997-ல் பழைய சைக்கிள்களை வைத்து லெரோய்க்கா என்று ஒரு ஓட்டம் ஆரம்பித்தார்கள், இன்றைக்கு அது உலகம் முழுக்கப் பிரபலம். அதைப் படித்தபோது நம் ஊரிலும் இப்படிச் செய்ய வேண்டும் என்று பொங்கியவள் நான். மழையில் பிரசவத்துக்கு ஆட்டோ வராத ரோட்டில் நிற்கிற ஒரு அம்மாவிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. கண்மாய்க்கரைக்கு யாரும் தார் கேட்கப் போவதில்லை. மண்ணாகவே விடச் சொல்லிக் கேட்பதென்றால் கரையை மட்டும் நாம் கேட்போம், ஊர் ரோட்டுக்குத் தார் வரட்டும்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. இதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், ஆனாலும் கையால் போடுவதை நேரில் பார்த்தால் நகர முடியவில்லை. கீழே கண்ணாடி, மேலே இரும்புச் சட்டத்தில் பூ அச்சு, கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் நிறத்தை ஊற்றி, அச்சை ஆடாமல் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் தூவி, கலவை வைத்து அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு, அப்புறம் கண்ணாடியைப் பிரிக்கிறார்கள். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது, பாலீஷ் கிடையாது. பெரிய வீட்டுக்குள் போகும்போது காவலிருந்த பெரியவர் "தாயி, பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு வாங்க" என்றார். அடியில் இரும்பு மாட்டிய சைக்கிள் ஷூவோடு அந்தத் தரையில் நடக்க நினைத்ததற்கு எனக்கே கூச்சமாகிவிட்டது. வெறுங்காலில் அந்தத் தரையின் குளிர்ச்சிக்கு, வெளியே போகவே வேண்டாம் போலிருந்தது.

அங்கிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி. குன்றக்குடியில் சைக்கிளைக் கீழே விட்டுப் படியேறி சண்முகநாதரைப் பார்த்தோம். பழனிப் பாதயாத்திரைக் காவடிகள் கூடுகிற இடம், தைப்பூசத்தை ஒட்டி வந்தால் வழியெல்லாம் நடந்து போகிறவர்கள், அந்த வாரத்தில் சைக்கிளோடு இந்தப் பக்கம் வந்து அவர்களுக்கு இடைஞ்சல் செய்யாதீர்கள். பிள்ளையார்பட்டியில் கூட்டம். குடைவரைப் பிள்ளையாரைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு, நான் முதலில் தேடியது கழிப்பறை. இதைச் சொல்லியே ஆக வேண்டும்: காலையிலிருந்து அதுவரை ஒரு பெண் போகத்தக்க இடம் ஒன்றுகூட வழியில் திட்டமிடப்படவில்லை. "அக்கா, வழியில எங்கயாச்சும் நிப்பாட்டிக்கலாம்" என்றான் பையன், நல்ல பிள்ளைதான், ஆனால் கருவேலங்காட்டில் 'எங்கயாச்சும்' என்பது ஆண்களுக்கு மட்டும் இருக்கிற ஊர். மறுநாள் காலையில் இரண்டு வீட்டில் முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னால் செய்கிறார்கள், சொல்லாமலே செய்ய வேண்டும்.

மதியச் சாப்பாடு இன்னொரு தவறு. தலைவாழை இலை, கோழி, மட்டன் சுக்கா, நண்டு ரசம், பாயாசம். ருசிக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னும் பதினாறு கிலோமீட்டர் இருக்கிறது என்றார்கள் பாருங்கள், அங்கேதான் தோழி எக்ஸ்எல்லில் ஏறிக்கொள்கிறேன் என்றாள், அவள் சைக்கிளை வேனில் போட்டார்கள். நான் ஓட்டினேன், ஏப்பம் விட்டுக்கொண்டே ஓட்டினேன். இதே சாப்பாட்டை ராத்திரிக்கு வைத்துவிட்டு மதியம் தயிர்ச்சோறும் மோர்மிளகாயும் போட்டால் போதும். காலைப் பலகாரத்தில் கை வைக்க வேண்டாம்: வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல், இட்லி, கடைசியில் ஒரு கிண்ணம் கவுனி அரிசி. கவுனி அரிசி சாப்பிட்டால் பதினோரு மணி வரை பசிக்காது, காசு கொடுத்து வாங்கும் எனர்ஜி பார் எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

இரண்டாம் நாள் 'மலை'. இதற்குத்தான் காசு கொடுக்கலாம்.

விடிவதற்கு முன் வேனில் சைக்கிளை ஏற்றி சிங்கம்புணரியில் இறக்கிவிட்டார்கள். முதல் நாள் நான் கத்திய கத்தலில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் ஓட்ட ஆரம்பித்துவிட்டோம். பனி, முன்னால் ஒரு கறுப்பு உருவமாக பிரான்மலை. பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படுவது இதுதான். முந்நூறு ஊர் அவனுக்கு, அத்தனையையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தவன், முல்லைக்குத் தேரை விட்டவன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது தேர் ஓடும் அளவுக்கு ரோடு இருந்திருக்கிறதே என்று யோசித்ததில்லை, அன்றைக்குச் சரளையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டும்போது யோசித்தேன். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். மலை உச்சியில் தர்காவும் இருக்கிறது. மலைக்கு மேல் சைக்கிள் போகாது, போக முயலவும் வேண்டாம். மலையைச் சுற்றிய மண்தடங்கள் போதும், தோப்பும் பாறையும் மாறி மாறி வரும், அங்கங்கே நிஜமாகவே ஏற்றம் உண்டு. 40-க்கு 42 கியரில் உட்கார்ந்தபடி ஏறினேன். கோயம்புத்தூர்க்காரர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது, ஒரே ஏற்றத்தை இறங்கி இறங்கி மூன்று தடவை ஏறினார்.

என் அவசரம் என்று சொன்னேனே, அது ஒரு இறக்கத்தில். காற்று 38-தான், வேகம் பிடித்துப் போய் ஒரு கல்லில் ஏற்றினேன், சக்கரத்தின் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கொத்தியது போல அருகருகே இரண்டு ஓட்டை. ட்யூப் போட்ட சைக்கிள் என்றால் 45-க்குக் கீழே இறக்காதீர்கள், கல்லைப் பார்த்தால் சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள். என்னிடம் இதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டிய நானும் மறந்தேன், ஆளுக்குப் பாதி.

அங்கிருந்து உள்ரோடுகள் வழியே தென்கிழக்கே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977-லிருந்து சரணாலயம், ஆனால் அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள், தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய்க்குள் மரமெல்லாம் வெள்ளையாக இருந்தது, நத்தைகுத்தி நாரை, கொக்கு, இன்னும் எனக்குப் பெயர் தெரியாதவை. இங்கே பையன் செய்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: கரைக்கு முந்நூறு அடி முன்னாலேயே எல்லாரையும் இறங்கச் சொல்லி சைக்கிளை உருட்ட வைத்தான், பின் சக்கரம் டிக் டிக் என்று போடும் சத்தத்துக்குக்கூட பறவை எழும்பும் என்றான். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. இந்த இரண்டு நாளில் வழிகாட்டி என்ற சொல்லுக்கு அவன் முழுசாகப் பொருந்தியது அங்கேதான்.

அப்புறம் திருப்பத்தூர், சிராவயல், காரைக்குடி. மஞ்சுவிரட்டுப் பொட்டலை சிராவயலில் காட்டினான், தை மூன்றாம் நாள் கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் அந்த வெறும் பொட்டல் நம்ப முடியாத அமைதியில் கிடந்தது. இந்தக் கடைசிப் பகுதி பெரும்பாலும் தார், வெயில் வேறு, இரண்டு முள் பஞ்சர் வேறு, சுவாரசியம் இல்லை. திருப்பத்தூரிலேயே வேனில் ஏற்றிவிட்டால் ஒன்றும் குறையாது. என் கைக்கடிகாரம் மொத்தம் 61 கிலோமீட்டர் காட்டியது, நாற்பத்தோடு நிறுத்தியிருந்தால் நினைவில் இனிப்பு மட்டும் நின்றிருக்கும்.

நாய்களைப் பற்றிக் கேட்பீர்கள். உண்டு. இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் சலிப்பாகிப் போய்விடுகின்றன. தண்ணீர் பஞ்சமில்லை, சித்தப்பாவின் எக்ஸ்எல் எப்போதும் கண்ணெட்டும் தூரத்தில் இருந்தது, இந்தப் பயணத்தில் நான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கும் ஒரே வாகனம். சென்னைக்காரர்களுக்கு பல்லவன் ரயில் நேரே காரைக்குடிக்கு வருகிறது. பங்குனி, சித்திரையில் போகாதீர்கள், மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையிலும் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. மார்கழி, தை சரியான காலம்.

மதிப்பெண் கேட்டால் முதல் நாளுக்குப் பத்தில் ஐந்து, அதுவும் கண்மாய்க்கரைக்காகவும் பஞ்சுக்காகவும். இரண்டாம் நாளுக்கு எட்டு. இரண்டாம் நாளை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டேன், தருகிறோம் என்றார்கள், 3,500 ரூபாயாம். வீடுகளைப் பார்க்க ஆசைப்பட்டால் முதல் நாளில் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் போதும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள், பிள்ளையாரை இன்னொரு நாள் சேலை கட்டிக்கொண்டு போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். பதிவு செய்யும்போது மூன்றே கேள்வி: என் உயரத்துக்கு சைக்கிள் இருக்கிறதா, டயரில் சீலன்ட் இருக்கிறதா, வழியை மழைக்குப் பிறகு யாராவது ஓட்டிப் பார்த்தீர்களா.

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்துப் பையன் போன் செய்தான். கண்மாய்க்கரை வழியைச் சரியாகப் பதிந்துவிட்டானாம், சீலன்ட் இன்னும் வரவில்லை, ஆர்டர் போட்டிருக்கிறார்களாம். "அடுத்த தையில வாங்கக்கா, எல்லாம் சரியா இருக்கும்." வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சக்கரத்தை மட்டும் நான் திருச்சியிலிருந்து கொண்டு வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.